அவசரம் யாருக்கு?

ஆங்கிலம் கற்றவர், கல்லாதவர் என்னும் வேற்றுமையின்றி நம் நாட்டுத் தமிழர் அனைவரும் அறிந்து வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'எமர்ஜென்ஸி' என்பது. தோட்டத்து லயத்தில் வாழும் பாட்டி முதல் பிரிக்பீல்ட்ஸில் ஆங்கிலப் பத்திரிகை வாங்கிப் படிக்கும் குமாஸ்தா வரை இச்சொல்லைக் கேளாதார் இலர். ஆயினும் அச்சொல் எதைக் குறிக்கிறது என்று வினவினால், ஒருவர் சொல்வதை மற்றொருவர் சொல்லார். ஒருவர் ஆஸ்பத்திரியில் விபத்துக்குள்ளானவரைக் கொண்டு சேர்க்கும் பகுதியைச் சொல்வார். மற்றொருவர் பஸ்ஸின் அவசரக் கதவைச் சொல்வார். முதியோர் 1948-ஆம் ஆண்டிலிருந்து 1960-ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் நடந்த பன்னிரண்டாண்டுச் சண்டையைச் சொல்வார். இளைஞரோ கொரோனா நோய் பரவிய 2021-ஆம் ஆண்டில் ஜனவரி முதல் ஆகஸ்டு வரை நீடித்த பிரகடனத்தைச் சொல்வார்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமன்று. அது எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயல்பு. ஆயின் ஒரே செய்தியிலே, சில வேளை ஒரே வாக்கியத்திலே, ஒரு சொல் மூன்று பொருளில் மாறி மாறி நின்று, தான் கொண்ட பொருள் எது என்பதை வாசகனே அறியாதபடி செய்யுமானால், அதனை ஆராய்வது விமரிசகனின் கடமையாகும். கவிதையும் நாவலுமே விமரிசனத்திற்கு உரியவை என்று எண்ணுவோர் உளர். கவிதை நூலை விலை கொடுத்து வாங்கிப் படிப்போர் நம்மில் மிகச் சிலர். பத்திரிகையை நாள்தோறும் படித்தவரும், படிப்பவர் வாயால் கேட்டவரும் மிகப் பலர். பெரும்பாலோருக்குக் கிட்டிய உரைநடை பத்திரிகை நடைதான். அவர்தம் எண்ணத்தை உருவாக்கிய நடையும் அதுவே. ஆகையால் மகாயுத்தத்திற்குப் பின் இந்நாட்டுப் பத்திரிகைகளில் 'எமர்ஜென்ஸி' என்னும் சொல் எவ்வெவ்வாறு வழங்கியது, நம் தமிழ்ப் பத்திரிகைகள் அதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டன, அதனால் நாம் இழந்தது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லின் வரலாறு

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. நீரில் மூழ்கியிருந்த பொருள் மேலே தலைதூக்குதல் என்பது அதன் முதற்பொருள். அதிலிருந்து, எதிர்பாராமல் தலைதூக்கி உடனே கவனிக்கப்பட வேண்டிய நிலைமை என்னும் பொருள் பிறந்தது. இப்பொருளில் இரண்டு குணங்கள் அடங்கியிருத்தலைக் காண்க. ஒன்று, அது முன்னறிவிப்பின்றி வருவது. மற்றொன்று, அது விரைவில் தீர்வது, அல்லது தீர்க்கப்பட வேண்டியது. பால்வெட்டப் போனவனைப் பாம்பு கடித்தால் அது இவ்விரு குணங்களும் உடைய நிலைமை. பன்னிரண்டு ஆண்டு நீடித்த ஒன்றை அதே சொல்லால் அழைத்தால், சொல் தன் குணத்தில் பாதியை இழந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

தமிழில் இதற்கு நேராக வழங்கிய 'அவசரம்' என்பது வடமொழியிலிருந்து வந்தது. வடமொழியில் அதற்குச் சமயம், வாய்ப்பு என்று பொருள். மலையாளத்தார் இன்றும் வாய்ப்பு என்னும் பொருளிலேயே அதை வழங்குகின்றனர். தெலுங்கர் அதனைத் தேவை என்னும் பொருளில் வழங்குகின்றனர். தமிழராகிய நமக்கோ அது விரைவு, பதற்றம். மலாய் மொழியில் இதே நிலைமைக்கு 'டாருராட்' என்பர். அரபுச் சொல்லிலிருந்து வந்த அதற்குக் கட்டாயம், தவிர்க்க இயலாமை என்பது அடிப்படைப் பொருள்.

மலாயாத் தோட்டங்களிலே தமிழரும் தெலுங்கரும் மலையாளத்தாரும் பக்கத்துப் பக்கத்து லயங்களில் வாழ்ந்தனர். அத்தகைய தோட்டம் ஒன்றில் அப்பிரகடனம் படிக்கப்பட்டதாகக் கற்பனை செய்து பார்ப்போம். தமிழன் காதில் விரைவும், தெலுங்கன் காதில் தேவையும், மலையாளத்தான் காதில் வாய்ப்பும், மலாய்க்காரன் காதில் கட்டாயமும் ஒலித்திருக்கும். கேட்டவர்கள் பிரகடனத்தைப் பிழைபட உணர்ந்தார்கள் என்பது என் கருத்தன்று. சூழ்நிலை அவர்களுக்குப் பொருளை உணர்த்தியே இருக்கும். ஆயினும் அந்நான்கு சாயல்களும் அந்நிகழ்ச்சியில் உண்மையாகவே இருந்தன. அரசாங்கத்திற்கு விரைவு, தோட்ட முதலாளிகளுக்குத் தேவை, தொழிற்சங்கத்தை ஒடுக்க நினைத்தோர்க்கு வாய்ப்பு, லயத்தில் வாழ்ந்தவனுக்குக் கட்டாயம். ஒரே சொல்லில் இத்தனை பேரின் நிலைமையும் மறைந்து கிடந்தது.

கிள்ளானில் முதற்பாடம்

1948-ஆம் ஆண்டில்தான் இச்சொல் நம்மிடம் வந்தது என்று பலர் கருதுகின்றனர். கிள்ளான் வட்டாரத் தமிழர் அதனை ஏழாண்டு முன்னரே அறிவர். 1941-ஆம் ஆண்டு அவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அச்சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர்.

தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர் பெறும் கூலிக்கு நிகரான கூலி, கொடுமை புரியும் மேலதிகாரிகளை நீக்குதல், பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரோ கிராணிமாரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. இவ்வரிகளை எழுதுபவனும் கிராணி வேலையில் இருப்பவனே. ஆகையால் இக்கோரிக்கையைப் பட்டியலின் கடைசியில் தள்ளி விரைந்து கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. கூலிக்காக மட்டும் எழுந்த போராட்டமன்று அது. மனிதன் மனிதனாகச் சாலையில் செல்ல வேண்டும் என்பதற்காக எழுந்த போராட்டம். நம் சீர்திருத்த இயக்கத்தார் சுயமரியாதை என்று அழைத்தது இதனையே.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் கைதானதை எதிர்த்துத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். அரசாங்கம் சிலாங்கூரில் எமர்ஜென்ஸி பிரகடனம் செய்தது. துருப்புகள் வந்தன, அவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்றது எதிர்பாராத ஆபத்தா? பல ஆண்டுகளாக அடக்கி வைக்கப்பட்ட குறை அது. லத்தீன் வேரின்படி அது நீரில் மூழ்கியிருந்து மேலே வந்த பொருள்தான்; ஆனால் அதனை மூழ்கடித்தவர் யார் என்பதை அச்சொல் சொல்வதில்லை. இதுவே இச்சொல்லிடம் நாம் காணும் முதற்குறை. அது நிலைமையைத் திடீரென்று தோன்றியதாகக் காட்டி, அதன் பின்னாலிருக்கும் காரணத்தை மறைத்துவிடுகிறது.

1948: சொல் பெயராகிறது

ஜப்பானியர் ஆட்சி நீங்கி ஆங்கிலேயர் திரும்பிய பின், நாடெங்கும் தொழிற்சங்கங்கள் பெருகின. வேலை நிறுத்தங்களும் பெருகின. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் அவற்றுக்குத் தலைமை தாங்கியது. 1948 ஜூன் மாதத்தில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அச்சம்மேளனம் இயங்க இயலாத நிலை உண்டாக்கப்பட்டது. இது எமர்ஜென்ஸி பிரகடனத்திற்குச் சில நாட்கள் முன்னரே நடந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின் 16-ஆம் தேதி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பத்திரிகை, ஆள முடியுமானால் ஆளுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள் என்னும் பொருள்பட அரசாங்கத்தை இடித்துரைத்தது. 18-ஆம் தேதி மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் எமர்ஜென்ஸி பிரகடனமாயிற்று. ஜூலையில் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது.

இதனை யுத்தம் என்று ஏன் அழைக்கவில்லை? யுத்தம் என்று பெயரிட்டால், தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் உண்டாகும் சேதங்களுக்கு லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஈடு கொடா என்னும் அச்சமே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். குடியேற்ற நாட்டு மக்கள் தங்களை எதிர்த்துப் போர் புரிகின்றனர் என்று ஒப்புக்கொள்ள லண்டன் விரும்பாததும் ஒரு காரணம். எக்காரணமாயினும் விளைவு ஒன்றே. விமானங்கள் குண்டு வீசின. ஆயிரக்கணக்கான துருப்புகள் காட்டில் இறங்கின. இரு தரப்பாரிலும் பொதுமக்களிலுமாகப் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அனைத்திற்கும் பெயர் எமர்ஜென்ஸி.

இங்கே ஆங்கில எழுத்துமுறையின் ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும. ஆங்கிலத்தில் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால் பொதுப்பெயர் சிறப்புப்பெயராகிவிடும். சிறிய எழுத்தில் தொடங்கும் எமர்ஜென்ஸி ஒரு நிலைமை. அது உண்மையா, பொய்யா என்று நாம் கேட்கலாம். பெரிய எழுத்தில் தொடங்கும் எமர்ஜென்ஸியோ ஒரு பெயர். பெயரை எவரும் கேள்வி கேட்பதில்லை. ராமசாமி என்று பெயருடையவனை நீ சாமியா என்று யாரும் விசாரிப்பதில்லை அல்லவா? அதுபோலவே ஒரு வாதமாகத் தொடங்கிய சொல், அச்சுக் கோப்பவர் எடுத்து வைத்த ஒரே எழுத்தினால் விவாதத்திற்கு அப்பாற்பட்ட பெயராயிற்று.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு கிடையாது. ஆகவே நம் பத்திரிகைகள் அச்சொல்லைப் பெயராக்க வேறு வழி தேடின. 'காலம்' என்பதை ஒட்டி 'அவசரகாலம்' என்றன. இவ்வொட்டுச் சிறிதாயினும் இதன் விளைவு சிறிதன்று. மழைக்காலம், வெயிற்காலம், பஞ்ச காலம் என்று நாம் வழங்குவனவெல்லாம் தாமாக வந்து தாமாகப் போவன. மழைக்காலத்தை உண்டாக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. குடை பிடிப்பதே மனிதன் செய்யக்கூடியது. 'அவசரகாலம்' என்று எழுதியபோது, மனிதர் ஓர் அறையில் கூடிக் கையெழுத்திட்டுச் செய்த காரியம், வானத்திலிருந்து இறங்கிய பருவம்போல ஆகிவிட்டது. இதற்கு மாறாக, நம் மக்கள் தாமே வழங்கிய 'ஜப்பான்காரன் காலம்' என்னும் தொடரைப் பாருங்கள். அதிலும் காலம் உண்டு. ஆனால் காலத்திற்கு உரியவன் யார் என்பதும் உடன் இருக்கிறது. படியாத மக்களின் வழக்கு, படித்தவர் மொழிபெயர்ப்பைக் காட்டிலும் நேர்மையாக இருக்கிறது.

மூன்று பொருள், ஒரு முகமூடி

பத்திரிகை நடையில் இச்சொல் பெற்ற பொருள்களைத் தொகுத்தால் மூன்றாகும். முதலாவது ஆபத்து, அதாவது காட்டிலிருந்து ஆயுதங்களோடு வந்த எதிரியின் தாக்குதல். இரண்டாவது சட்டம், அதாவது அந்த ஆபத்தைக் காட்டி அரசாங்கம் எடுத்துக்கொண்ட அதிகாரம். மூன்றாவது காலம், அதாவது அவ்விரண்டும் நிகழ்ந்த ஆண்டுகள். இம்மூன்றும் வெவ்வேறு. ஆபத்தை உண்டாக்கியவர் ஒருவர். சட்டத்தை இயற்றியவர் வேறொருவர். காலத்தை எவரும் உண்டாக்கவில்லை.

இவ்வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை செய்வோம். 'அவசரகாலத்தினால் தோட்டத் தொழிலாளர் ஒரே இடத்தில் சேர்த்துக் குடியமர்த்தப்பட்டனர்' என்று ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொள்வோம். இவ்வகை வாக்கியம் அக்காலத்தைப் பற்றிய எழுத்தில் எங்கும் காணக் கிடைப்பது. இதில் அச்சொல்லை எடுத்துவிட்டு 'ஆபத்து' என்று வைத்தால், காட்டிலிருந்து வந்தவர்களே தொழிலாளரை இடம் மாற்றியதாகப் பொருள்படும், அது உண்மையன்று. 'சட்டம்' என்று வைத்தால், அரசாங்கம் இடம் மாற்றியது என்று விளங்கும், அதுவே உண்மை. 'காலம்' என்று வைத்தால் எவரும் மாற்றவில்லை, அது தானே நடந்தது என்றாகும். மூன்றையும் ஒன்றாக்கிய சொல்லைப் படிக்கும் வாசகன் மூன்றாவதையே எடுத்துக்கொள்கிறான். ஏனெனில் அதுதான் மனத்திற்கு எளிது.

1950-ஆம் ஆண்டில் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்திற்குக் கொண்டுவரப்பட்டு, முள்கம்பி வேலி இடப்பட்டது. பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட யாவரும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டியதாயிற்று. காட்டிலிருப்போருக்கு அரிசி போய்ச் சேரக்கூடாதென்று, சில வட்டாரங்களில் வேலைக்குப் போகும் தொழிலாளி சோற்றுப் பாத்திரத்தையும் வேலிக்கு வெளியே கொண்டு போகலாகாது என்று தடுக்கப்பட்டான். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டிப் பால் எடுத்து, பசியோடு வேலிக்குள் திரும்பிய அவனுக்கு நேர்ந்ததை 'அவசரம்' என்னும் சொல்லில் எங்கே தேடுவது? பசிக்கு அதில் இடமில்லை.

சொல்லின் நிழலில் நின்றவர்கள்

எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தவர். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க நேருவின் அரசாங்கம் வேண்டியும் பயனில்லை. அதற்கு முந்திய நாள், சம்மேளனத்தில் பங்கு கொண்டிருந்த பி. வீரசேனன் துருப்புகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்பது எமர்ஜென்ஸி விதிகள் கொண்டு வந்தது. கணபதியின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் கழுத்தை இறுக்கியது ஆபத்துமன்று, காலமுமன்று, சட்டம். செய்தி எழுதுவோன் அதைச் சட்டம் என்றே எழுத வேண்டும்.

எமர்ஜென்ஸி என்னும் பெயர் தனியே நிற்கவில்லை. தன்னோடு வேறு சொற்களையும் அழைத்து வந்தது. யுத்தம் இல்லை என்றால் எதிரியும் போர்வீரன் ஆகான். ஆகவே காட்டிலிருந்தோரைக் 'கொள்ளைக்காரர்' என்று ஆங்கில அறிக்கைகள் அழைத்தன. 1952-ஆம் ஆண்டில் அச்சொல்லை விட்டு, 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி' என்று வழங்குமாறு அரசாங்கம் முடிவு செய்தது. பத்திரிகைகளும் அவ்வாறே மாற்றிக்கொண்டன. காட்டிலிருந்தோரின் தலைவராகிய சின் பெங், ஜப்பானியரை எதிர்த்துப் போராடியதற்காக அதே ஆங்கில அரசாங்கத்திடம் ஓ.பி.இ. விருது பெற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மனிதன் மாறாமல் இருக்கப் பெயர்கள் எத்தனை விரைவாக மாறின என்பது புலனாகும்.

இப்பெயர்கள் எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதற்குச் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியே சாட்சி. 1948 டிசம்பரில் அங்கு ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரை ஆங்கிலத் துருப்பினர் சுட்டுக் கொன்றனர். கொள்ளைக்காரர் சுடப்பட்டனர் என்ற செய்தியாகவே அது முதலில் அச்சேறியது. தப்பியோட முயன்றனர் என்பது அரசாங்கத்தின் விளக்கம். 1970-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த 'தி பீப்பிள்' என்னும் பத்திரிகை, அத்துருப்பில் இருந்தோர் சிலரின் வாக்குமூலங்களை வெளியிட்ட பின்னரே அவ்விளக்கம் வெளிப்படையாக ஆட்டங்கண்டது. மாண்டோர் குடும்பத்தார் விசாரணை கோரித் தொடுத்த வழக்கு, 2015-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் தோல்வியுற்றது. பத்திரிகை ஒன்று மறைத்ததை மற்றொரு பத்திரிகை வெளிப்படுத்த இருபத்தோராண்டு பிடித்தது. பெயரை முதலில் ஐயுற்றிருந்தால் இவ்வளவு காலம் வேண்டியிராது.

ஓர் ஆட்சேபணை

இங்கே சிலர் ஆட்சேபிக்கலாம். 'ஆபத்து உண்மையில் இருந்ததே. காட்டிலிருந்தோர் பால்மரங்களை வெட்டிச் சிதைக்கவில்லையா? தோட்டத் தொழிலாளரையும் கங்காணிகளையும் கொல்லவில்லையா? பஸ்களைக் கொளுத்தவில்லையா? 1951-ஆம் ஆண்டில் ஹைகமிஷனர் கர்னியையே சுட்டுக் கொல்லவில்லையா? இத்தகைய நிலைமைக்கு எமர்ஜென்ஸி என்று பெயரிட்டதில் என்ன பிழை?' என்று அவர்கள் கேட்பர்.

ஆட்சேபணை நியாயமானதே. அவையனைத்தும் நடந்தன, நம்மவரும் அவற்றால் மாண்டனர். காட்டிலிருந்தோர் தம் போருக்கு 'பிரிட்டிஷ் எதிர்ப்புத் தேசிய விடுதலைப் போர்' என்று பெயரிட்டனர். அப்பெயரை எடுத்து இதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தரப்பார் பெயரை நீக்கி மறு தரப்பார் பெயரை வைப்பது சீர்திருத்தமாகாது. முகமூடியை மாற்றுவதே ஆகும். கங்காணியைக் கொன்றவன் யார் என்று எழுதவும், தொழிலாளியை வேலிக்குள் அடைத்தவன் யார் என்று எழுதவும் ஒரே அளவு துணிவு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எமர்ஜென்ஸி என்னும் சொல் அவ்விரு துணிவுகளுக்கும் தடையாக நின்றது. அது கொலை செய்தவனையும் காட்டவில்லை, அடைத்தவனையும் காட்டவில்லை.

பத்திரிகைத் தலைப்பில் இடம் குறைவு, ஆகையால் சிறு சொல் வேண்டும் என்பாரும் உளர். தலைப்பில் இடமில்லை என்றால் முதற் பத்தியில் இடம் உண்டு. முதற் பத்தியிலும் யார், யாரை, எதனால் என்பதற்கு இடமில்லை என்றால் அது செய்தியாகாது.

கடல் கடந்த உறவினர்

இச்சொல்லைப் பிற நாட்டுத் தமிழர் எவ்வாறு மொழிபெயர்த்தனர் என்பதும் அறியத்தக்கது. இந்தியாவில் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை எமர்ஜென்ஸி நிலவியது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசாங்கம் கலைக்கப்பட்டது. அங்கே பத்திரிகைகளில் நிலைத்த பெயர் 'நெருக்கடி நிலை'. மக்கள் வாயில் நிலைத்ததோ 'மிசா'. விசாரணையின்றிச் சிறையிலிட்ட சட்டத்தின் பெயர் அது. இலங்கையில் 1947-ஆம் ஆண்டுப் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மீண்டும் மீண்டும் பிரகடனம் வந்தது. 1983 முதல் 2011 வரை பெரும்பாலான ஆண்டுகளில் அது நீடித்தது. அங்குள்ள தமிழர் அதனை 'அவசரகாலச் சட்டம்' என்று வழங்கினர்.

மூன்றையும் ஒப்பு நோக்குவோம். 'அவசரகாலம்' என்று மட்டும் சொன்னால் பருவம்போலத் தோன்றும். 'அவசரகாலச் சட்டம்' என்றால், இது மனிதர் இயற்றியது என்பதாவது தெரியும். 'நெருக்கடி' என்றால், நெருக்குவோன் ஒருவன் இருக்க வேண்டும் என்னும் கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. 'மிசா' என்று சொன்ன பாமரனோ, சுற்றி வளைக்காமல் தன்னைச் சிறையிலிட்ட சட்டத்தையே சுட்டினான். இந்நான்கனுள் மிகவும் மழுங்கிய சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம் என்பது வருந்தத்தக்கது.

முடிவற்ற அவசரம்

1960 ஜூலை 31-ஆம் தேதி எமர்ஜென்ஸி முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையின்றி அடைத்து வைக்கும் அதிகாரம் அதில் தொடர்ந்தது. அச்சட்டம் 2012-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. காலம் முடிந்தது; சட்டம் முடியவில்லை. மூன்று பொருளையும் ஒரு சொல்லில் அடக்கியிருந்தமையால், ஒன்று முடிந்தபோது மூன்றும் முடிந்தன என்று வாசகன் நம்பினான். பின்னர் 1966, 1969, 1977 ஆகிய ஆண்டுகளில் வெளியான பிரகடனங்கள் 2011-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீக்கப்பட்டன. 1969-இல் பிறந்த குழந்தை நாற்பத்திரண்டு வயதடையும் வரை இந்நாடு சட்டத்தின் கண்ணில் 'அவசரத்தில்' இருந்தது. ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் பத்திரிகைகளில் அச்சொல் நாள்தோறும் வரவில்லை. ஆபத்து இல்லை, ஆகவே செய்தியும் இல்லை. சட்டம் மட்டும் ஓசையின்றி இருந்தது.

2021-ஆம் ஆண்டில் மீண்டும் பிரகடனம் வந்தபோது பாராளுமன்றம் கூடவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பொய்ச் செய்தியைப் பற்றிய அவசரச் சட்டம் ஒன்றும் வந்தது. நோய் உண்மையான ஆபத்து. அதனை மறுப்பார் யாருமில்லை. ஆயினும் அப்போதும் நம் தலைப்புகளில் வந்தது பழைய 'அவசரகாலம்' என்பதே. நோய் எது, சட்டம் எது, காலம் எது என்று பிரித்து எழுதியவர் சிலரே.

நாம் செய்யக்கூடியது யாது?

ஒரு சொல்லை இந்நாட்டிலிருந்து துரத்திவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆஸ்பத்திரி வாசலில் அது இருக்கட்டும். பஸ்ஸின் கதவிலும் இருக்கட்டும். அங்கெல்லாம் அது தன் உண்மையான பொருளில் உழைக்கிறது. பத்திரிகையில் அது வரும்போது மட்டும் எழுதுவோரும் படிப்போரும் ஒரு சிறு விதியைக் கைக்கொள்ளலாம். ஆபத்தைக் குறிக்கும் இடத்தில் இன்ன ஆபத்து என்று எழுதுக. சட்டத்தைக் குறிக்கும் இடத்தில் இன்ன சட்டம், இன்னார் இயற்றியது என்று எழுதுக. ஆண்டுகளைக் குறிக்கும் இடத்தில் ஆண்டுகளை எழுதுக. இதற்குப் பெரும் புலமை தேவையில்லை. தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதுவோர்கூட, இன்னார் இன்ன நாளில் இன்ன வேலை செய்தார் என்று குறியாமல் ஒரு வரியும் எழுத முடியாது. கூலிக் கணக்கிற்கு வேண்டிய ஒழுங்கு வரலாற்றுக் கணக்கிற்கு வேண்டாமா?

ஆங்கிலம் கற்ற நம்மவருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஆங்கிலப் பத்திரிகையின் சொல்லைத் தமிழாக்கி லயத்திற்குக் கொண்டு சென்றவர்கள் நம் போன்றோரே. சொல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தால் நாம் தபால்காரர். அச்சொல் யாருடையது, எதை மறைக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னால்தான் மொழிபெயர்ப்பாளர். லயத்தில் இருப்பவர்க்கும் ஓர் உரிமை உண்டு. இனி எவரேனும் 'அவசரம்' என்று அச்சிட்டுக் கொடுத்தால், அதனைக் கையில் வாங்கிக்கொண்டு, 'யாருக்கு அவசரம், ஐயா?' என்று கேட்கலாம். 1941-இல் கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கேள்வி கேட்கும் துணிவு புதியதன்று.